உகாண்டாவுல கிபாலே காட்டுல சிம்பன்சி பார்த்த கதை, உங்க அனுபவமும் சொல்லுங்க

கம்பாலாவுல ரெண்டு வருஷம் இருந்தோம், ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின மாசம்தான் கிபாலே போகணும்னே தோணுச்சு. ஃபோர்ட் போர்ட்டல்ல ராத்திரி தங்கிட்டு விடியக்காலைல சிம்பன்சி பார்க்கக் கிளம்புற இடமான கன்யான்ச்சு போயிட்டோம். ரேஞ்சரம்மா எல்லாரையும் நிக்க வச்சு காட்டுக்குள்ள எப்படி நடந்துக்கணும்னு சொல்லிட்டிருக்கும்போதே எங்க வீட்டுக்காரர் அச்சுனு ஒரு தும்மல், அடுத்து இன்னொண்ணு. போச்சு! சளி இருந்தா உள்ள விடமாட்டாங்களாம். தூசிதாங்கன்னு சொல்லிப் பார்த்தாரு, நடக்கல. பர்மிட் காசை நினைச்சு எனக்கு ஒரே வயித்தெரிச்சல். அப்புறம் அந்தம்மா காரணம் சொன்னாங்க, 2013ல இதே காட்டுல கன்யாவாரா பக்கம் இருந்த 56 சிம்பன்சில 5 செத்துப்போச்சு, நமக்கு மூக்கு ஒழுகவைக்கிற ரைனோவைரஸ் வகைல ஒண்ணுதான் அதுக்குக் காரணமாம். அதுக்குமேல என்னத்தைப் பேசுறது, மாஸ்க் மாட்டிக்கிட்டு நான் மட்டும் போனேன்.

பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகச் சொன்னாங்க, எறும்புக்காக. நான் ஸ்டைல் பார்த்து ஒரு கால மட்டும் சரியா சொருகல, அந்தக் கால்லயே ஏறிடுச்சு, கடிச்சா விடவே மாட்டேங்குது. ஒரு மணி நேரம் நடந்தும் ஒண்ணையும் காணோம், சரி அவ்ளோதான்னு நினைக்கும்போது எங்கயோ டம் டம்னு சத்தம், கூடவே ஹூ ஹூன்னு ஆரம்பிச்சு அலறலா ஏறுது பாருங்க, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. பெரிய மரங்களோட பலகை வேரைக் கையாலயும் காலாலயும் அடிச்சு சேதி சொல்லுமாம்.

அத்தி மரத்துல ஏழெட்டு இருந்துச்சு. அண்ணாந்து பார்த்தேன், மேல இருந்து ஒண்ணு நேரா மூத்திரம் பெஞ்சிடுச்சு, கேமரா பையெல்லாம் நனைஞ்சுபோச்சு 😂 கீழே ஒரு கிழட்டு ஆம்பளை, காதுல ஒரு ஓரம் கிழிஞ்சிருந்துச்சு, பழத்தை வாயில அதக்கி கீழ் உதட்டைக் கரண்டி மாதிரி நீட்டி சாறு உறிஞ்சிட்டு, நாம கரும்புச் சக்கையைத் துப்புவோமே, அப்படியே துப்புச்சு. எங்களை ஒரு பொருட்டாவே மதிக்கல. எனக்கு மாஸ்க்குக்குள்ள மூக்கு அரிக்குது, தும்மிடுவேனோன்னு பயத்துல பாதி நேரம் மூச்சை அடக்கிட்டுதான் நின்னேன்.

வெளிய வந்தா இவரு ரோலெக்ஸ் சாப்பிட்டுட்டு இருக்காரு. வாட்ச் இல்லீங்க, முட்டை வச்சு சுருட்டின சப்பாத்தி.

---

அக்கா, மூத்திர அபிஷேகம் எனக்கும் ஆச்சு 😂 ஆனா நான் போனது தான்சானியா பக்கம் கோம்பே, சிம்பன்சி ஆராய்ச்சி பண்ண ஜேன் குடால் 1960ல போய் உட்கார்ந்தாங்களே அந்த இடம். கிகோமால இருந்து ஏரியில போட்ல போகணும், அப்புறம் செங்குத்தா மலை ஏத்தம், முட்டி கழண்டுடும். மூச்சு வாங்கி வழியிலயே உட்கார்ந்துட்டேன், குட்டியை முதுகுல வச்சுக்கிட்டு ஒரு தாய் பக்கத்துலயே கடந்து போச்சு, நாங்க விலகி வழி விட்டோம். குட்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போச்சு. ஃபோட்டோ? லென்ஸ் மூடியைக் கழட்டவே மறந்துட்டேன்.