நாங்கள் நிரூபித்ததை 1984-லேயே ஒருவர் நிரூபித்துவிட்டார். கருத்தரங்கில் பேசலாமா?

வால்முளைத்த வட்டம் கேட்டது:

பி.எஸ்சி. கணிதம் மூன்றாமாண்டு படிக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுக் கருத்தரங்கு. நானும் வகுப்புத் தோழிகள் இருவரும் பேசுகிறோம். பன்னிரண்டு நிமிடம் உரை, மூன்று நிமிடம் கேள்வி. கட்டணம் கட்டி, ஆய்வுச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது.

தலைப்பு கிரேஸ்ஃபுல் லேபிளிங். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஓர் உரு. பத்துக் கோடுகள் இருந்தால் 0 முதல் 10 வரையுள்ள எண்களைப் புள்ளிகளுக்கு இட வேண்டும். ஒரே எண் இரண்டு இடத்தில் வரக்கூடாது. ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களையும் கழித்தால் 1 முதல் 10 வரை எல்லாம் ஒரே ஒருமுறை கிடைக்க வேண்டும். ஐந்து புள்ளி வட்டத்துக்கு இது வரவே வராது. ஆனால் அதன் ஒரு புள்ளியில் ஒரு வாலை (வரிசையாகக் கோர்த்த கோடும் புள்ளியும்) ஒட்டினால் வந்துவிடும்! டிசம்பரில் விடுதி மொட்டைமாடியில் இது பிடிபட்ட அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் மேலே வந்துவிட்டார். பிறகு எந்த வட்டத்துக்கும் எந்த நீள வாலுக்கும் விதி எழுதி நிரூபிக்க இரண்டு மாதம் ஆனது.

போன வாரம், லேபிளிங்கில் இதுவரை வந்த முடிவுகளைத் திரட்டித் தரும் காலியனின் தொகுப்பைப் புரட்டினேன். எங்கள் உரு அங்கே ‘டிராகன்’ என்ற பெயரில் படுத்திருக்கிறது. ட்ருஷ்சின்ஸ்கி என்பவர் 1984-இல் முடித்துவிட்டார். நாங்கள் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு.

நெறியாளரிடம் காட்டினேன். “நீங்களாகக் கண்டுபிடித்ததுதானே, அந்த மூலையை யார் பார்க்கப்போகிறார்கள், ‘புதிய முடிவு’ என்றே இருக்கட்டும்” என்கிறார். முப்பத்திரண்டு ஸ்லைடும் தயார். எனக்கு மேடையேறவே கூச்சமாக இருக்கிறது. விலகிவிடலாமா?

நான்காம் வரிசை:

விலகினாலும் கட்டணம் திரும்பி வராது. அனுபவம்.

சாக்பீஸ் தூள்:

அம்மா, முப்பத்தொரு வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இத்தகைய கருத்தரங்குகளில் நடுவராக உட்கார்ந்து தூங்காமல் இருக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

‘புதிய’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். நெறியாளரிடம் பணிவாகவே சொல்லலாம்: “ஐயா, நடுவர் கேட்டால் உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும்.” இந்த வாதம் எப்போதும் வேலை செய்யும். லேபிளிங்கில் ஒரு கட்டுரையாவது எழுதாத கணிதத் துறையை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலியனின் தொகுப்பு அவர்களுக்குப் பஞ்சாங்கம் மாதிரி. அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் விலகாதீர்கள். (இந்த இடத்தில் ராமானுஜனை இழுப்பது வழக்கம். நான் இழுக்கவில்லை, அவர் பாவம்.) ட்ருஷ்சின்ஸ்கியின் கட்டுரையையே எடுத்துப் படித்தீர்களா, தொகுப்பில் இருக்கும் ஒரு வரியை மட்டும் பார்த்தீர்களா? உங்கள் விதியும் அவருடைய விதியும் ஒன்றுதானா? வழி வேறென்றால் அதையே பேசலாம். ஒன்றேயானாலும், “நாங்கள் தனியாக இங்கே வந்து சேர்ந்தோம், அவர் முன்பே வந்திருக்கிறார்” என்று இரண்டாவது ஸ்லைடில் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

முப்பத்திரண்டு ஸ்லைடு எதற்கு? பலகைக்குப் போய் ஐந்து புள்ளி வட்டம் ஏன் முடியாது என்று காட்டுங்கள். வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து வித்தியாசங்களைக் குறியோடு கூட்டினால் பூஜ்யம், ஏனென்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். குறியை மாற்றுவதால் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்பது மாறாது. ஆகவே கோட்டு எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 1+2+3+4+5 = 15. தீர்ந்தது. ஆறு புள்ளிக்கு 21, அதே கதி. ஏழுக்கு 28, இந்தத் தடை இல்லை. இந்த வாதம், இவ்வகை லேபிளிங்கைத் தொடங்கிவைத்த ரோசாவின் 1967 கட்டுரையிலிருந்து வருவது, அதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வால். வட்டத்தில் வரிசையாக 0, 6, 1, 5, 3. மூன்றில் ஒட்டிய வாலின் நுனியில் 4. எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அரங்கில் எல்லாரும் மனத்துக்குள் கழிப்பார்கள்: 6, 5, 4, 2, 3, வாலில் 1. அந்தப் பத்து வினாடி அமைதியை நிரப்ப வாய் துறுதுறுக்கும். அடக்குங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஒரே ஒரு வட்டம் கொண்ட துண்டுபடாத எந்த உருவுக்கும் இது வரும், ஐந்து, ஆறு போன்ற வெறும் வட்டங்கள்தான் விலக்கு என்று அதே ட்ருஷ்சின்ஸ்கி ஊகம் வைத்திருக்கிறார். அது நிரூபணமாகவில்லை. கடைசி நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.

பத்தாவது நிமிட மணி:

போன வருடம் இதே போன்ற ஒன்றில் பேசினேன். ஸ்லைடை பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அவர்கள் கணினியில் என் சமன்பாடுகள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. மூவரும் ஆளுக்கு நான்கு நிமிடம் என்று பிரிக்க வேண்டாம், மைக் கைமாறுவதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். ஆங்கிலத்தில் திக்கினால் படத்தைக் காட்டுங்கள். சாக்பீஸ் ஐயா சொல்லும் பலகை அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்களுக்கு இருந்தது, அதன்மேல் வரவேற்பு பேனர் ஒட்டியிருந்தார்கள்.

வால்முளைத்த வட்டம்:

முடிந்தது. பலகை இருந்தது, சாக்பீஸ் நான் கொண்டுபோனது. நெறியாளர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே ‘புதிய’ என்பதை அடித்துத் தந்தார். ட்ருஷ்சின்ஸ்கியின் பெயரை நான் சொன்னபோது ஒரு நடுவர் பேனாவை மூடி வைத்தார். எதை எழுதக் காத்திருந்தாரோ!

பரிசு கிடைக்கவில்லை. பரிசு பெற்ற உரை எங்கள் யாருக்கும் புரியவில்லை, அது எங்கள் குறையாகவும் இருக்கலாம்.

அதே நடுவர் கேட்ட ஒரே கேள்வி: “வால் ஒட்டிய புள்ளியில் 0 வரும்படி செய்ய முடியுமா?” மேடையில் விழித்தேன். திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் தோழி எழுதிக் காட்டினாள்: வட்டத்தில் 0, 6, 1, 2, 4. பூஜ்யத்தில் ஒட்டிய வாலில் 3. கழித்துப் பாருங்கள்.

நீள வால்களுக்கும் இப்படி வருமா என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இந்தமுறை தொகுப்பை முதலில் படித்துவிட்டு.