மூன்று கண்டெய்னர்களில் நைஃபை: பெயர் பொருந்தாமல் போன இரண்டு இரவுகள்

சத்துவாச்சாரிவாசி:

அப்பாச்சி நைஃபையைப் பாதுகாப்போடு, மூன்று நோடு கிளஸ்டராக, சொந்த மடிக்கணினியில் டாக்கரில் ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது. புதியவர்களுக்கு ஒரு வரி: நைஃபை என்பது தரவை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் சேர்க்கும் மென்பொருள்; டாக்கர் மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி; ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் நைஃபைகளின் கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு; டிஎல்எஸ் என்பது சான்றிதழால் அடையாளம் காட்டி, வழியில் போகும் தரவைப் பூட்டும் முறை.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை அளக்கும் கருவிகளிடமிருந்து எண்களை வாங்கித் தரவுக்கிடங்கில் சேர்ப்பது எங்கள் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைத் தண்ணீர் எந்த ஆற்றுப் பக்கம் போகிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அந்த எண்களை வழியில் யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. “லோக்கலில்தானே ஓட்டுகிறாய், டிஎல்எஸ் எதற்கு? சர்வருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்” என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். சர்வரில் வரப்போகிற சிக்கல் எல்லாம் என் மேசையிலேயே வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒற்றைக் கண்டெய்னர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டது. 1.14 பதிப்பிலிருந்து நைஃபை தானாகவே 8443 என்ற போர்ட்டில் எச்டிடிபிஎஸ் வழியாகத் திறக்கிறது. சான்றிதழைத் தானே செய்துகொண்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் லாக்கில் எழுதி வைக்கிறது. அந்த எளிமையை நம்பித்தான் ஏமாந்தேன். ஒவ்வொரு கண்டெய்னரும் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழைப் பக்கத்து நோடு எப்படி நம்பும்? மூன்றுக்கும் பொதுவாக ஒரு சான்றளிப்பாளரை நாமே உருவாக்கி, அதன் கையெழுத்தோடு மூன்று கீஸ்டோர் (சாவியும் சான்றிதழும் இருக்கும் கோப்பு) செய்ய வேண்டும். 1.x வரிசையில் இதற்கென்றே டிஎல்எஸ் டூல்கிட் இருக்கிறது. பிரவுசரில் ஏற்றிக்கொள்ள நிர்வாகிக்கான சான்றிதழை, பி12 கோப்பாக, அதுவே தந்துவிடும்.

நோடுகளுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பெயர் வைத்தேன். 2019இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததல்லவா, அதே பெயர்கள். வேலூரும் திருப்பத்தூரும், நோடுகளை ஒருங்கிணைக்க உதவும் ஜூகீப்பரிடம் போய்ச் சேர்ந்துகொண்டன. ராணிப்பேட்டை மட்டும் வாசலிலேயே நின்றது. சான்றிதழில் இருக்கும் மாற்றுப் பெயர் (அது எந்த முகவரிகளுக்குச் செல்லும் என்ற பட்டியல்) எதுவும் இந்த முகவரியோடு பொருந்தவில்லை என்று லாக்கில் திரும்பத் திரும்ப ஒரே வரி. கத்திரி வெயில் காலம், மின்சாரமும் போய்விட்டது. மடிக்கணினியோடு மொட்டை மாடிக்கு ஏறி, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். எந்தெந்தக் கண்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில் சர்வீஸின் (அந்தக் கண்டெய்னரின்) பெயர் “ராணிப்பேட்டை”. டூல்கிட்டுக்கு நான் கொடுத்தது “ராணிப்பேட்”. ரயில் நிலையப் பலகை ஒரு விதம், பஸ் பலகை ஒரு விதம் என்று இரண்டையும் படித்துப் பழகிய கண்ணுக்கு அது பிழையாகவே படவில்லை. கண்டெய்னர்கள் ஒன்றையொன்று சர்வீஸ் பெயரால்தான் கூப்பிடுகின்றன; டாக்கரின் உள் டிஎன்எஸ் அந்தப் பெயருக்குத்தான் முகவரி தரும். சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருந்தாக வேண்டும்.

மறுநாள் இரவு மூன்றும் சேர்ந்தன. ஆனால் பிரவுசரில் திறந்தால் “நம்பத்தகாத ப்ராக்ஸி” என்ற பிழை. நாம் ஒரு நோடிடம் கேட்பதை அது நம் சார்பில் மற்ற இரண்டுக்கும் அனுப்புகிறது. ஆகவே ஒவ்வொரு நோடுக்கும் பிறர் சார்பில் பேசும் உரிமை வேண்டும். யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஆதரைசர்ஸ் கோப்பில் மூன்று நோடுகளின் அடையாளங்களையும் எழுதித்தான் வைத்திருந்தேன். லாக்கில் வந்த அடையாளத்தையும் நான் எழுதியதையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சான்றிதழில் காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி, என்னுடையதில் இல்லை.

இடைவெளியைச் சேர்த்து மறுபடி தொடங்கினேன். அதே பிழை. அரை இரவு இங்கேதான் போயிற்று. நைஃபை முதல் முறை எழும்போது ஆதரைசர்ஸ் கோப்பைப் படித்து யூசர்ஸ், ஆதரைசேஷன்ஸ் என்று இரண்டு கோப்புகளை எழுதிக்கொள்கிறது. அவை இருக்கும் வரை மூலத்தில் எதைத் திருத்தினாலும் அது திரும்பிப் பார்க்காது. என் வால்யூமில் (கண்டெய்னர் போனாலும் அழியாத சேமிப்பிடம்) பழையவை பத்திரமாக இருந்தன. மூன்று நோடுகளிலும் அந்த இரண்டையும் அழித்துவிட்டு எழுப்பினேன். திரையின் மேல் ஓரத்தில் 3/3 என்று வந்தபோது மணி இரண்டே கால்.

காட்பாடி ரயிலடி:

தம்பி, நானும் இதே வழியாக வந்தவன்தான். நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ரகசிய மதிப்புகளைப் பூட்டும் சாவி, சென்சிட்டிவ் ப்ராப்ஸ் கீ, மூன்று நோடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். கிளஸ்டருக்குப் பொதுச் சாவி வேண்டும் என்று லாக்கில் எழுதிவிட்டு நோடுகள் எழவே மறுத்துவிட்டன.

8443ஐ வெளியே 9443 என்று மாற்றித் திறந்ததில் இன்னொரு தொல்லை. ஹோஸ்ட் பெயர் செல்லாது என்று பக்கம் மறுத்துவிட்டது. வெப் ப்ராக்ஸி ஹோஸ்ட் என்ற அமைப்பில் அந்த முகவரியைப் போர்ட் எண்ணோடு சேர்த்த பிறகே திறந்தது. மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மூன்று பெயர்களையும் 127.0.0.1க்குக் காட்டிவிடுவது நல்லது. இன்னும் ஒன்று, தொடங்கியதும் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் பதறி நிறுத்திவிடாதீர்கள். எந்த ஃப்ளோ (தரவு போகும் பாதையின் வரைவு) சரியானது என்று நோடுகள் வாக்களிக்கும் நேரம் அது. வேட்பாளர் எண்ணிக்கையை 3 என்று வைத்தால் மூன்றாவது நோடு வந்தவுடன் வேலை தொடங்கிவிடும்.

தொரப்பாடி மாணவி:

அண்ணா, நான் 2.0 பதிப்பில் முயல்கிறேன். அதில் டிஎல்எஸ் டூல்கிட்டே இல்லை. ஓபன்எஸ்எஸ்எல்லில் சான்றளிப்பாளரைச் செய்து, கீடூலால் பிகேசிஎஸ்12 கோப்புகளாக்கினேன். மாற்றுப் பெயரில் சர்வீஸ் பெயரோடு லோக்கல்ஹோஸ்டையும் சேர்த்ததால் உங்கள் முதல் இரவு எனக்கு வரவில்லை. ஒரு சந்தேகம்: ஒரு நோடை நிறுத்திப் பார்த்தீர்களா? அதில் இருக்கும் தரவு என்னவாகிறது?

சத்துவாச்சாரிவாசி:

பார்த்தேன் தங்கச்சி. ஒருங்கிணைப்பாளராக இருந்த ராணிப்பேட்டையையே நிறுத்தினேன். சிறிது நேரத்தில் அந்தப் பொறுப்பு வேலூருக்கு மாறி, புதிய எண்கள் மற்ற இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ராணிப்பேட்டையின் வரிசையில் காத்திருந்தவை அங்கேயே நின்றுவிட்டன. நைஃபை அவற்றை மற்ற நோடுகளுக்கு நகல் எடுத்து வைப்பதில்லை. அரை மணி கழித்து எழுப்பியபோது ஒன்றுகூடக் குறையாமல் வெளியே வந்தன. காத்திருக்கும் தரவின் விவரமும் உள்ளடக்கமும் இருக்கும் ஃப்ளோஃபைல், கன்டென்ட் களஞ்சியங்கள் இரண்டையும் வால்யூமில் வைத்திருந்ததால்தான். நீயும் உன் கம்போஸ் கோப்பில் அந்த இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுத்து.