அசூஸ்பெர்மியாவுக்கு ‘விந்தணுவின்மை’: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விந்தில் விந்தணுவே இல்லாத நிலையான அசூஸ்பெர்மியாவுக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ள நான்கு சொற்களில் ‘விந்தின்மை’ கூடவே கூடாது என்பது என் கருத்து. விந்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். விந்தணுக்கள் அதில் மிகச் சிறிய பங்கே. ஆகவேதான் ஆண்களுக்கான கருத்தடை அறுவை செய்துகொண்டவருக்கும் விந்தின் அளவு ஏறத்தாழ முன்போலவே இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் ஓர் ஊழியருக்குப் பரிசோதனை முடிவைத் தமிழில் விளக்கியபோது, “உங்களுக்கு விந்து இல்லை” என்று சொல்லிவிட்டேன். “போன வாரம்தானே குப்பியில் கொடுத்தேன்?” என்று கேட்ட அவர், முடிவே தவறு என்று நம்பி எழுந்துவிட்டார். சொல் பிழைத்ததால் ஒருவர் சிகிச்சையிலிருந்து விலகப் பார்த்தார் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தவிரவும், விந்தே வெளிவராத அஸ்பெர்மியா என்னும் வேறொரு நிலை உண்டு. நீரிழிவால் நரம்புகள் பழுதடைந்து, விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது அதற்கு ஒரு காரணம். ‘விந்தின்மை’ அதற்கே உரிய சொல்.

‘உயிரணுவின்மை’ விளம்பரங்களால் பழகிய வழக்கு. உயிரியலில் உயிரணு என்றால் உடலின் எந்தச் செல்லும்தான். ‘ஆண்மையின்மை’யோ விறைப்புக் குறைபாட்டைச் சுட்டி, தாம்பத்தியத்தில் எக்குறையும் இல்லாதவரையும் தலைகுனிய வைக்கிறது. எஞ்சுவது ‘விந்தணுவின்மை’, அதையே பரிந்துரைக்கிறேன்.

இதன் இரு வகைகளுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். குழுவில் ஒருவர் தந்த ‘அடைப்பற்ற விந்தணுவின்மை’, எது இல்லை என்று சொல்கிறதே தவிர எது பழுது என்று சொல்லவில்லை. ‘அடைப்புவழி விந்தணுவின்மை’, ‘ஆக்கக்குறை விந்தணுவின்மை’ என்று வைத்தால் காரணம் பெயரிலேயே விளங்கும். முதல் வகையில், தொற்றாலோ அறுவையாலோ விந்துநாளம் அடைபட்டிருக்கும், அல்லது பிறவியிலேயே இருக்காது. விரையில் விந்தணு உருவாவது பெரும்பாலும் இயல்பாகவே நடக்கும், விந்தணு ஆக்கத்தைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்எஸ்எச் என்னும் ஹார்மோனின் அளவும் இயல்பாக இருக்கும். இரண்டாம் வகையில் கூடுதல் எக்ஸ் குரோமோசோம், ஒய் குரோமோசோமில் நுண்ணிய இழப்பு, சிறுவயதில் கீழிறங்காத விரை, புற்றுநோய் மருந்துகள் போன்றவை காரணமாகலாம். விரையே பழுதடைந்திருந்தால் எஃப்எஸ்எச் பெரும்பாலும் ஏறும். பிட்யூட்டரி தூண்டாததால் ஆக்கம் நின்றிருந்தால் அது தாழ்ந்திருக்கும். அத்தகையோரில் பலருக்கு ஹார்மோன் சிகிச்சையாலேயே விந்தணு உருவாகக்கூடும். பாலிகிளினிக்கைக் குறிக்கும் ‘பலதுறை மருந்தகம்’ என்ற சொல் இங்கே சிங்கப்பூரில் நிலைத்தது, அங்கு நடப்பதை அது சொல்வதால்தான். நம் சொற்களும் அப்படி அமையட்டும்.

ஆலிகோஸ்பெர்மியாவுக்கு ‘விந்தணுக் குறைவு’ போதும். அதை மலட்டுத்தன்மை என்று எழுத வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் விந்தணுக்கள் என்ற கீழ்வரம்பு, ஓராண்டுக்குள் துணைவியர் கருவுற்ற ஆண்களின் அளவீடுகளிலிருந்து பெறப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு ஐவர் அதற்கும் கீழேதான் இருந்தனர்.

ஒரு சொல் இன்னும் பிடிபடவில்லை. நேரடியாகப் பார்க்கையில் விந்தணு தென்படாமல், மையவிலக்கியில் சுழற்றிய படிவில் மட்டும் ஓரிரண்டு கிடைக்கும் நிலைக்கு ‘அருகிய விந்தணு நிலை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘குறைவு’ என்பதிலிருந்து அது போதிய அளவு விலகி நிற்கிறதா என்று அன்பர்கள் சொல்ல வேண்டும்.