மொத்தத்தில் பயன் அதிகம் என்றால் திட்டத்தைத் தொடங்கிவிடலாமா?

துலாக்கோல்:
ஒரு முதலீட்டுத் திட்டத்தை அதில் பணம் போடுபவரின் லாபத்தை மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது, சமூகத்துக்கு வரும் பயனையும் செலவையும் சேர்க்க வேண்டும். பயன்-செலவு ஆய்வு என்ற இந்த முறையில் யாருக்கும் மறுப்பு இருக்காது. நான் ஒரு படி மேலே போகிறேன்: எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மிச்சம் வந்தால் திட்டத்தைச் செய்ய வேண்டும்.

ஒரு பாலத்தின் பயன் அதில் வசூலாகும் சுங்கத்தோடு முடிவதில்லை என்று பிரெஞ்சுப் பொறியாளர் டூப்யூயி 1844இலேயே விளக்கினார். 10 கொடுக்கத் தயாராக இருப்பவர் 2 கொடுத்துக் கடந்தால், மீதி 8 அவருக்குக் கிடைத்த பயன். அது எந்த வரவுப் பதிவிலும் ஏறாது. லண்டனின் விக்டோரியா சுரங்க ரயில் பாதையும் கட்டண வருமானத்தை மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகாது. மிச்சமாகும் பயண நேரத்தையும் சாலையில் குறையும் நெரிசலையும் 1963இல் ஓர் ஆய்வு கணக்கில் சேர்த்தது. செலவை மிஞ்சிய பயன் தெரிந்தது. இப்படிப் பார்க்காமல் விட்டால் நல்ல திட்டங்கள் பல 'நட்டம்' என்ற பெயரில் குப்பைக்குப் போகும்.

ஆற்றோரம்:
மிச்சம் வந்தது, சரி. யார் கைக்கு வந்தது?

பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் செலவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்றது 1936ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளத் தடுப்புச் சட்டம். 1939இல் பொருளியலாளர்கள் கால்டோரும் ஹிக்ஸும் இதற்குக் கோட்பாடு தந்தார்கள்: பயன் பெற்றவர்கள் இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க முடிந்தால் போதும், கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அணைகளால் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்திருக்கலாம் என்று உலக அணைகள் ஆணையம் 2000இல் மதிப்பிட்டது. பலருக்கு உரிய ஈடு போய்ச் சேரவே இல்லை.

நான் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் கொஞ்ச காலம் இருந்தேன். எக்செல் தாளில் பட்டா நிலத்துக்கு ஒரு வரிசை, வீடுகளுக்கு ஒரு வரிசை. அப்புறம் பொது மேய்ச்சல் நிலம். அதற்குச் சந்தை விலை கிடையாது என்பதால் அந்தக் கட்டத்தில் 0 போடச் சொன்னார்கள், போட்டேன். அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களின் இழப்பு அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

துலாக்கோல்:
நண்பரே, நீங்கள் சொல்வது வேதனையான விஷயம். ஆனால் முறைப்படி செய்திருந்தால் அங்கே 0 வந்திருக்காது. சந்தை விலை இல்லாததற்கும், இருந்தும் உண்மையைக் காட்டாததற்கும் நிழல் விலை, அதாவது சமூகத்துக்கு அதன் உண்மை மதிப்பு என்ன என்று கணித்த விலை, போடத்தான் இந்த முறையே வந்தது. மேய்ச்சல் நிலம் போனால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். குறைந்தபட்சம் அந்தச் செலவு ஏறியிருக்க வேண்டும். யாருக்குப் பயன் என்ற கேள்வியையும் மறந்துவிடவில்லை. பொருளியலாளர்கள் தாஸ்குப்தா, மார்க்லின், சென் மூவரும் ஐநா தொழில் வளர்ச்சி அமைப்புக்காக 1972இல் எழுதிய வழிகாட்டி, ஏழைக்குப் போகும் பயனுக்குக் கூடுதல் எடை தர வழி சொல்கிறது.

நெடுநோக்கு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் தள்ளுபடி விகிதத்தைத் தொடவே இல்லை. பின்னால் வரும் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைக்கிறோம் என்பதுதான் அது. 50 வருடம் கழித்து வரும் 100ஐ 12 சதவீதத்தில் தள்ளினால் இன்றைய மதிப்பு 0.35. 4 சதவீதத்தில் 14. காடு, நிலத்தடி நீர், பருவநிலை சம்பந்தப்பட்ட இழப்பெல்லாம் பிந்தித்தான் வரும். விகிதத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், பேரன் பேத்திகள் தலையில் விழும் செலவு தாளிலிருந்து காணாமல் போய்விடும். பிரிட்டனில் அரசுத் திட்டங்களுக்கு 3.5 சதவீதம் வைத்து, 30 வருடத்துக்குப் பிறகு அதையும் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

ஆற்றோரம்:
நெடுநோக்கு சொன்னது முக்கியம். துலாக்கோல், எல்லாவற்றுக்கும் விலை கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். லண்டனின் மூன்றாவது விமான நிலையத்துக்கு இடம் தேட 1968இல் ராஸ்கில் ஆணையம் அமைத்தார்கள். ஓர் இடத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றை இடிக்க வேண்டிவரும். அதன் மதிப்பாக ஆய்வுக் குழு எடுத்துக்கொண்டது தீ விபத்துக் காப்பீட்டுத் தொகையை! ஊரே கொதித்தது. 1971இல் ஆணையம் பரிந்துரைத்த இடத்தை அரசு ஏற்கவில்லை.

துலாக்கோல்:
அந்தக் காப்பீட்டுத் தொகை தவறு, ஒப்புக்கொள்கிறேன். விலை போட முடியாததை எழுத்தில் தனியாகச் சொல்லி, மொத்தத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு வரவு, யாருக்கு எவ்வளவு இழப்பு என்று இன்னொரு அட்டவணையும் போடலாம். ஈட்டுத் தொகையைத் திட்டச் செலவிலேயே ஏற்றி நிதி ஒதுக்கிவிட்டால், 'முடிந்தால்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. ஆனால் கணக்கே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கணக்கு இல்லாத இடத்தில் செல்வாக்கு உள்ளவர் கேட்ட திட்டம்தான் வரும்.

ஆற்றோரம்:
கணக்கு வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது அட்டவணையை இழக்கப்போகிறவர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகு ஒப்புதலுக்கு அனுப்புங்கள். மேய்ச்சல் நிலத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று மாடு மேய்ப்பவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.