வெறும் தண்ணீர் லேனிலும் பட்டை வருகிறது, ஈயை நம்பலாமா?

ஜெல்_டீச்சர்:
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வோல்பாக்கியா (பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா) இருக்கிறதா என்று சோதனை செய்கிறேன். அவர்கள் பிடித்து எத்தனாலில் போட்டு வைத்திருந்த ஈ, எறும்பு, பொறிவண்டை நசுக்கி, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) செய்து ஜெல்லில் ஓட்டினோம். தேடும் துண்டு இருந்தால், அந்த மாதிரிக்கான லேனில், அதாவது வரிசையில், ஒரு கோடாக, பட்டையாகத் தெரியும். பூச்சியின் சொந்த மரபணுவான சிஓ1-இன் பட்டை 708 பேஸ் பேரில் (டிஎன்ஏவின் நீள அலகு) மூன்றிலும் பளிச்சென்று இருக்கிறது. வோல்பாக்கியாவின் 438 பட்டை ஈயில் மட்டும். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்புறம்தான் பார்த்தேன், டிஎன்ஏவே போடாத தண்ணீர் லேனிலும் 438-ல் மங்கலாக ஒரு கோடு! ஈயின் முடிவை வைத்துக்கொள்ளலாமா?

பைப்பெட்காரன்:
கூடாது மேடம். மங்கலோ பளிச்சோ, தண்ணீரில் பட்டை வந்தால் அந்த முறை வந்த எந்த பாசிட்டிவும் செல்லாது. எங்கள் ஆய்வகத்தில் ஒருவன் பாசிட்டிவ் கன்ட்ரோலை (வோல்பாக்கியா டிஎன்ஏ உறுதியாக உள்ள மாதிரி) தொட்ட பைப்பெட் முனையை மாற்றாமலே தண்ணீரையும் எடுத்துவிட்டான், ஒரு வாரம் வீண். புதுத் தண்ணீர், புது பிரைமர் (எந்தத் துண்டை நகலெடுப்பது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ) எடுங்கள். பாசிட்டிவ் கன்ட்ரோலை எல்லாவற்றுக்கும் கடைசியில் சேருங்கள். ஈயின் பழைய டிஎன்ஏவையும் கூடவே ஓட்டிப் பாருங்கள்.

சினைமுட்டை:
எறும்புக்கும் வண்டுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். சிஓ1 வந்ததால் டிஎன்ஏ சரியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பாகத்தை நசுக்கினீர்கள்? வோல்பாக்கியா தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போவது. 1924-ல் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் அதை முதலில் பார்த்ததே கியூலெக்ஸ் கொசுவின் இனப்பெருக்க உறுப்பில்தான்.

ஜெல்_டீச்சர்:
தலையும் காலும்! வயிறு அருவருப்பாக இருக்கிறதென்று வெட்டித் தூர எறிந்துவிட்டார்கள். நல்லவேளை, ஒவ்வொரு குப்பியிலும் இன்னொரு பூச்சி மிச்சம் இருக்கிறது.

சினைமுட்டை:
இனப்பெருக்க உறுப்பு இருக்கிற அதே வயிறுதான் வேண்டும். எத்தனாலை நன்றாக உலரவிட்டு நசுக்குங்கள், மிச்சம் இருந்தால் பிசிஆரைக் கெடுக்கும்.

ஜெல்_டீச்சர்:
ஓட்டியாச்சு. தண்ணீர் லேன் சுத்தம், பாசிட்டிவ் கன்ட்ரோல் சரியாக வந்தது. பழைய ஈ, புது ஈ இரண்டும் காலி. எறும்பும் காலி. பொறிவண்டின் வயிற்றில்தான் 438, கண்ணைப் பறிக்கிற மாதிரி. ஈ பிடித்த பெண் இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.