சிங்கப்பூர் – நியூயார்க்: எந்தத் தூரத்தை எழுதுவது?

மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு ஒரு உதவி வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நூலை இழுத்துப் பிடித்தோம். நூல் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே ஏறி இறங்கியது! நீளம் 36 செ.மீ.; கணக்குப் போட்டால் சுமார் 15,300 கி.மீ. இணையத்திலும் 15,350-ஐ ஒட்டித்தான் சொல்கிறார்கள். அதுவரை சரி.

ஆனால் போன வருடம் நான் போன விமானம் ஜப்பான் பக்கமாகப் போய்ப் பசிபிக்கைக் கடந்தது. இருக்கைத் திரையில் பார்த்தேன், பதினெட்டு மணி நேரம் வேறென்ன வேலை? பின்காற்றுக்காக அப்படிச் சுற்றுவார்களாம். அப்படியானால் உண்மையில் பறந்த தூரம் கூடுதலாகத்தானே இருக்கும்? பழைய பயணம் ஒன்றின் பறந்த தூரத்தை எங்கே பார்க்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.