ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் ஆய்வு செய்ய அனுமதி: முதலில் யாரிடம் போவது?

பே_ஏரியா_நிலா:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் கல்வித்துறையில் பிஎச்டி பண்ணுகிறேன். என் ஆய்வு, பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பித் தருகிற ஹோம் லாங்குவேஜ் சர்வே பற்றியது. இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், மொத்தமே நாலு கேள்விதான். குழந்தை முதலில் பேசப் பழகிய மொழி எது, வீட்டில் அது அதிகம் பேசுவது எது, நீங்கள் அதனிடம் அதிகம் பேசுவது எது, வீட்டுப் பெரியவர்கள் பேசுவது எது. முதல் மூன்றில் எதிலாவது 'தமிழ்' என்று எழுதிவிட்டால், சேர்ந்த முப்பது நாளுக்குள் இனிஷியல் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் 'இங்கிலீஷ் லேர்னர்', அதாவது ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்ற பட்டியல். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர எல்பேக்கில் 4ஆம் நிலை, டீச்சர் கருத்து, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறன் என்று நாலு படி தாண்ட வேண்டும். இதற்குப் பயந்து, வீட்டில் தமிழே பேசினாலும் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிடும் நம்மவர்கள் நிறைய. அவர்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள், பிறகு பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதுதான் நான் கேட்க நினைப்பது.

திட்டம்: பெற்றோர் பேட்டி, மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு பேட்டி, கொஞ்சம் வகுப்பறைக் கவனிப்பு, எல்பேக் மதிப்பெண்கள்.

சிக்கல் இதுதான். யுனிவர்சிட்டி ஐஆர்பி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் குழு), 'டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கடிதம் கொண்டு வா' என்கிறது. டிஸ்ட்ரிக்ட் ஃபார்மோ, 'ஐஆர்பி அப்ரூவலை இணைக்கவும்' என்கிறது. பைத்தியம் தீர்ந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும் கதை. இரண்டு பிரின்சிபால்கள் வாய்வார்த்தையாகச் சரி என்றிருக்கிறார்கள், அது உதவுமா? ஃபார்மில் 'இந்த ஆய்வு டிஸ்ட்ரிக்ட்டின் எந்த இலக்குக்கு உதவும்' என்றொரு கட்டம் வேறு. அதில் என்ன எழுதுவது? கோடை விடுமுறைக்குள் டேட்டா கையில் இருக்க வேண்டும் என்கிறார் கைடு. இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

டல்லாஸ்_தம்பி:

அக்கா, அந்தச் சுற்று பார்க்கத்தான் பயமாக இருக்கும். இரண்டு ஆபீஸுக்கும் போன் போட்டால் அவிழ்ந்துவிடும். பெரும்பாலான ஐஆர்பிகள் 'பள்ளி அனுமதி வந்ததும் தொடங்கலாம்' என்ற நிபந்தனையோடு அப்ரூவல் தரும். டிஸ்ட்ரிக்ட்டும் பல நேரம் 'ஐஆர்பியில் போட்டாயிற்று' என்பதற்கான ரசீதை வைத்தே படிக்க ஆரம்பித்துவிடும். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் போடுங்கள். உங்கள் கன்சென்ட் ஃபார்மில் (சம்மதப் படிவம்) டிஸ்ட்ரிக்ட் ஒரு வரியை மாற்றச் சொன்னாலும், அதை ஐஆர்பியில் திருத்தமாகப் போட்டு ஒப்புதல் வாங்கின பிறகுதான் பயன்படுத்த முடியும். அதற்கும் நாள் விட்டு வையுங்கள்.

ஊருக்கு ஊர் நடைமுறை வேறு. நியூயார்க் சிட்டிக்குச் சொந்த ஐஆர்பியே இருக்கிறது. சிகாகோவில் ரிசர்ச் ரிவ்யூ போர்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் வெளி ஆய்வுகளுக்கென்று ஒரு கமிட்டி. சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் இதெல்லாம் ஒன்றும் இருக்காது, சூப்பரிண்டெண்டெண்ட் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை முடிந்தது.

ரிட்டையர்டு_ரிவ்யூவர்:

நிலா, நான் தென் கலிஃபோர்னியாவில் ஒரு டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் உட்கார்ந்து இந்த மாதிரி விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருந்தவள். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நாங்கள் முதலில் தேடுவது உங்கள் ஆய்வுக் கேள்வியை இல்லை, நிமிஷக் கணக்கை. ஒரு பிள்ளையிடம் எத்தனை நிமிஷம், எந்த பீரியடில், டீச்சருக்கு எத்தனை நிமிஷ வேலை, கையெழுத்துப் போட்டு வருகிற பேப்பரைப் பள்ளியில் யார் வாங்கி வைப்பது. தியரிப் பக்கங்களைக் கடைசியில்தான் புரட்டுவேன். 'மாணவர்கள் வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்படுவார்கள்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பென்சில் அங்கேயே நின்றுவிடும். உங்கள் விஷயத்தில் அது இன்னும் சிக்கல். இங்கிலீஷ் லேர்னர் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்துக்கென்றே தினமும் ஒதுக்கிய நேரம் ஒன்று உண்டு, டெசிக்னேட்டட் இஎல்டி. அதில் கை வைக்கிற விண்ணப்பம் உருப்படாது. லஞ்ச் பிரேக்கும் வேண்டாம், எந்தப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு உங்களிடம் பேச வரும்? பள்ளி விட்ட பிறகு என்று எழுதுங்கள்.

காலம் அடுத்தது. பிப்ரவரி 1 முதல் மே 31 வரை சம்மேட்டிவ் எல்பேக், அதாவது இங்கிலீஷ் லேர்னர் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வைக்கும் தேர்வு. வசந்தத்தில் மாநிலத் தேர்வும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் வெளியாளை உள்ளே விட ரொம்பவே யோசிப்பார்கள். 'கோடைக்குள்' என்பதை உங்கள் கைடு மறந்துவிடுவது நல்லது.

பிரின்சிபால் சம்மதம் தேவைதான், ஆனால் அது டிஸ்ட்ரிக்ட் அனுமதி ஆகாது. டிஸ்ட்ரிக்ட் அனுமதித்த பிறகும் பிரின்சிபால் முடியாது என்று சொல்லலாம். விண்ணப்பத்தில் 'இரு பிரின்சிபால்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டனர்' என்று பெருமையாக எழுதி வைக்காதீர்கள். எங்களைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்றுதான் படிப்பவர்களுக்குத் தோன்றும்.

கன்சென்ட் ஃபார்ம். யுனிவர்சிட்டி டெம்ப்ளேட்டை அப்படியே போட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். மதிப்பெண்ணைப் பள்ளியிடமிருந்து வாங்க வேண்டுமானால் மாணவர் ரெக்கார்டுகளைக் காக்க 1974இல் வந்த ஃபெர்பா சட்டப்படி பெற்றோர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். எந்தெந்த ரெக்கார்டு, எதற்காக, யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'என் குழந்தையின் கல்வித் தகவல்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்று மொத்தமாக எழுதினால் ரெக்கார்டு பார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். 'இனிஷியல் எல்பேக் மதிப்பெண், கிண்டர்கார்டன் முதல் நான்காம் வகுப்பு வரை சம்மேட்டிவ் எல்பேக் மதிப்பெண்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்கப் போகும் கேள்விகளை இங்கே போட முடியுமா? அதைப் பார்க்காமல் மேலே சொல்ல முடியாது.

பே_ஏரியா_நிலா:

மிக்க நன்றி மேடம். பிள்ளைகளுக்கு ஏழு கேள்விகள். இரண்டு மட்டும் இங்கே: 'வீட்டில் தமிழில் பதில் சொல்லாவிட்டால் அம்மாவோ அப்பாவோ என்ன செய்வார்கள்?' இன்னொன்று, 'உன்னோடு தமிழில் பேசுவதில் யார் சரியில்லை என்று நினைக்கிறாய்?' பெற்றோர் படிவத்தில் வருமானம் பற்றி ஒரு கேள்வியும் உண்டு.

ரிட்டையர்டு_ரிவ்யூவர்:

பிள்ளைகளுக்கான இரண்டும் நிற்காது. பிபிஆர்ஏ என்ற கூட்டரசுச் சட்டத்தில் எட்டு விஷயங்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன: அரசியல் நம்பிக்கை, மனநலப் பிரச்சினை, பாலியல், சட்டவிரோத நடத்தை, குடும்பத்தினரைப் பற்றிய விமர்சனம், வக்கீல் மருத்துவர் போன்றோருடன் உள்ள ரகசிய உறவு, மத வழக்கம், வருமானம். உங்கள் 'யார் சரியில்லை' நேராகப் போய் ஐந்தாவதில் விழுகிறது. கல்வித்துறைப் பணத்தில் கட்டாயமாக நடத்தும் சர்வேக்குத்தான் அந்தச் சட்டம் கடுமையாக இறங்கும், பேட்டிக்கு அப்படியே பொருந்தாது என்று வாதாடலாம். வாதாடாதீர்கள். படிப்பவர்கள் இந்த எட்டையும் சல்லடையாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் குடும்ப வாழ்க்கை, மதம் போன்றவற்றில் பிள்ளையின் நம்பிக்கைகளைக் கேட்கும் கேள்வித்தாளுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், எஜுகேஷன் கோடு 51513. 'பாட்டியோடு போனில் எந்த மொழியில் பேசுவாய், எதைப் பற்றி?' என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதெல்லாம் தானாக வந்து விழும். வருமானக் கேள்வி பெரியவர்களுக்குத்தானே, இருக்கட்டும், பதில் சொல்லாமல் விடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இலக்குக் கட்டத்துக்கு: டிஸ்ட்ரிக்ட்டின் எல்கேப் (இலக்குகளையும் செலவையும் சொல்லும் திட்டம்) அவர்கள் தளத்திலேயே இருக்கும், இங்கிலீஷ் லேர்னர் பகுதி கட்டாயம் இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து, அதற்கு உங்கள் முடிவு எப்படி உதவும் என்று எழுதுங்கள். ஆனால் இதில் காசு விவகாரமும் இருக்கிறது. 2013இலிருந்து மாநில நிதிக் கணக்கில் ஒவ்வொரு இங்கிலீஷ் லேர்னர் பிள்ளைக்கும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 'பெற்றோர் உண்மையை மறைக்கிறார்கள்' என்று நீங்கள் எழுதினால், படிப்பவர் 'அப்போது நமக்கு வர வேண்டியது எவ்வளவு போயிற்று' என்று கணக்குப் போடுவார். சொத்து வரியிலேயே வண்டி ஓடும் பணக்கார டிஸ்ட்ரிக்ட் என்றால் இந்தக் கவலை இல்லை, உங்கள் பக்கம் அப்படிச் சில இருக்கின்றன.

ரெண்டு_புள்ள_அப்பா:

நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குற ஆளு, ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஆனா நிலா மேடம் தேடுற ஆளுகள்ல நானும் ஒருத்தன். மூத்தவனுக்கு உண்மையா 'தமிழ்'னு எழுதினேன், டெஸ்ட் வெச்சாங்க. புதுசா ஸ்கூல்ல சேந்த புள்ள, தெரியாத டீச்சர் முன்னாடி வாயே தொறக்கல, லேர்னர் ஆயிட்டான். சின்னவளுக்கு நாலு கட்டத்துலயும் 'இங்கிலீஷ்'. வெக்கமெல்லாம் இல்ல.

இப்ப அதே ஸ்கூல்லருந்து, டிஸ்ட்ரிக்ட் முத்திரை போட்ட கவர்ல, 'ஹோம் லாங்குவேஜ் சர்வே பத்தி ஒரு ஆய்வு, விருப்பமுள்ள பெற்றோர் கையெழுத்துப் போடவும்'னு வந்தா நான் என்ன பண்ணுவேன்? குப்பையிலதான் போடுவேன். உண்மையா எழுதினவங்கதான் உங்களுக்கு வருவாங்க.

ரிட்டையர்டு_ரிவ்யூவர்:

நானும் டல்லாஸ் தம்பியும் ஃபார்மை எப்படி நிரப்புவது என்றே பேசிக்கொண்டிருக்க, இவர் உங்கள் ஆய்வின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். நிலா, அவர் சொல்வது சரி. டிஸ்ட்ரிக்ட் வழியாகப் போனால் நீங்கள் தேடுகிற ஆட்கள் வரமாட்டார்கள்.

அப்படியே யோசியுங்கள், உங்களுக்கு டிஸ்ட்ரிக்ட் எதற்கு? அவர்கள் அனுமதி தேவைப்படுவது அவர்கள் கட்டிடம், அவர்கள் நேரம், அவர்கள் ஊழியர், அவர்கள் வைத்திருக்கும் ரெக்கார்டு இந்த நாலுக்குத்தான். பெற்றோரை அவர்கள் வீட்டிலோ லைப்ரரியிலோ சந்தித்துப் பேச டிஸ்ட்ரிக்ட் அனுமதி வேண்டாம், ஐஆர்பி மட்டும் போதும். பிள்ளையிடமும் அப்படியே, பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் அசென்ட்டும் (பிள்ளையே சரி என்று சொல்வது) வேண்டும். மதிப்பெண்? எல்பேக் ரிப்போர்ட் பெற்றோருக்குத் தரப்படுகிறது. தொலைத்திருந்தால் பிள்ளையின் ரெக்கார்டைக் கேட்டுப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. கூட்டரசுச் சட்டம் பள்ளிக்கு 45 நாள் கொடுக்கிறது, கலிஃபோர்னியா ஐந்து வேலை நாள்தான் கொடுக்கிறது. ஹோம் லாங்குவேஜ் சர்வேயின் நகலையும் சேர்த்தே கேட்கலாம். அதைப் பெற்றோரே உங்கள் கையில் கொடுத்தால் பள்ளி நடுவில் வரவே வராது.

இன்னொன்று. பொய்யாக எழுதியவர் கையெழுத்துப் போடவும் தயங்குவார். அந்தக் கையெழுத்துத் தாள்தான் அவரை ஆய்வோடு இணைக்கும் ஒரே ஆவணம், அது வெளியே போவதுதான் முக்கிய ஆபத்து என்றால், பெரியவர்களின் பேட்டிக்குக் கையெழுத்து இல்லாத சம்மதத்தை ஐஆர்பி அனுமதிக்க இடம் இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

மாநிலக் கல்வித்துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் டிஸ்ட்ரிக்ட் வாரியாக, மொழி வாரியாக இங்கிலீஷ் லேர்னர் எண்ணிக்கை கிடைக்கும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வகுப்பறைக் கவனிப்பு ஒன்றுக்குத்தான் டிஸ்ட்ரிக்ட் வேண்டும். அது உங்கள் கேள்விக்கு அவசியமா என்று கைடிடம் சண்டை போட்டாவது தீர்மானியுங்கள். நானாக இருந்தால் வெட்டிவிடுவேன்.

ஸ்கார்பரோ_சிவா:

நான் ரொறன்ரோவில இருந்து. எங்கட பக்கமும் இதே கதைதான், ரொறன்ரோ டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் போர்டில வெளி ஆய்வுகளைப் பாக்க ஒரு கமிட்டி இருக்கு, அது ஓம் எண்டாலும் கடைசியில பிரின்சிபால்தான் முடிவெடுப்பார். ஒண்டு மட்டும் சொல்லோணும் தங்கச்சி. எல்லாரும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில போய் ஆள் பிடிக்கச் சொல்லுவினம். அங்க வாறது தமிழ் வேணும் எண்டு நிண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாற சனம். வராத வீடுகளையும் தேடுங்கோ, கோயில், கிரிக்கெட் கிளப், பரதநாட்டிய வகுப்பு எண்டு. இன்னொண்டு, சில தமிழ்ப் பள்ளிக்கூடம் வாடகைக்கு எடுத்த பப்ளிக் ஸ்கூல் கட்டிடத்திலதான் நடக்குது. அங்க வைச்சுப் பேட்டி எடுத்தால் திரும்பவும் போர்டுக்காரர் கேள்வி கேக்கக்கூடும்.

பே_ஏரியா_நிலா:

சிவா அண்ணா, கட்டிட விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. மேடம், வகுப்பறைக் கவனிப்பை எடுத்துவிடலாம் என்று கைடுக்கு மெயில் போட்டிருக்கிறேன். பிரின்சிபால்கள் இருவருக்கும் நன்றி சொல்லி இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன்.

ரெண்டு_புள்ள_அப்பா:

வீட்டுக்கே வாங்க மேடம், காபி போட்டுத் தரேன், எல்லாம் சொல்றேன். ரெக்கார்டிங் மட்டும் வேண்டாம்.

பே_ஏரியா_நிலா:

ரெக்கார்டிங் இல்லாமல் நோட்ஸ் மட்டும் எடுக்கும் வழியையும் ஐஆர்பி விண்ணப்பத்தில் சேர்த்துவிடுகிறேன் சார். ஆனால் அப்ரூவல் வரும் முன்னால் உங்களைச் சேர்த்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் இங்கே எழுதியதையும் ஆய்வில் எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்ரூவல் வந்ததும் அறிவிப்பை இதே திரியில் போடுகிறேன், அப்போதும் விருப்பம் இருந்தால் நீங்களே தனிமடலில் வாருங்கள்.